அப்பாவின் பிடியரிசி நடை

என் பிரியமான மகளே,

கர்த்தர் கிருபையால் நலம். வேலையை விட்டுவிட்டு நீ ஊருக்கு வரவேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அப்பா நடக்கத் தொடங்கிவிட்டார்.

ஸ்டென்ட் வைத்த டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியும் ஆறு மாதமாகக் கேட் வரைக்கும்தான் போனார். "எங்க போறியன்னு வழியில எல்லாவனும் கேப்பான். சும்மா நடக்கேன்னா சொல்லுவேன்?" என்பார்.

வீடு வீடாகப் போய்ச் சபைக்குப் பிடியரிசி வாங்கிவரும் செல்லபாய், மகனோடு இருக்கப் போய்விட்டாள். அவள் அரிசி வாங்கும் சஞ்சிப் பையை அப்பா கையில் கொடுத்தேன். யோசனை என்னுடையதுதான், பேரப்பிள்ளைகளிடமும் சொல். எதிர்வீட்டு எட்சன், "என்ன மாமா, பொம்பளையளுக்க வேலைக்கு எறங்கியாச்சா?" என்று கேலி செய்தானாம். "அரிசிய எடுலே, பேச்சு பொறவு" என்றாராம் அப்பா.

சனிக்கிழமை ஒரே நாளில் முடிகிற இருபத்துநாலு வீட்டை, நாளுக்கு நாலு வீடு என்று அவரே பங்கு வைத்துக்கொண்டார். கோயில் ஏற்றத்தில்கூட இப்போது இரைப்பு இல்லை. டாக்டருக்கும் சந்தோஷம்.

இப்போதும் வெளியேதான் போயிருக்கிறார். ஆறு மாதமாக அவர் மூச்சையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். இன்றுதான் உனக்கு எழுத உட்கார முடிந்தது.

உன் அம்மா