பெயர் எழுதாத விமானம்

நேற்று உன் மகள் லண்டனிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு சின்ன விமானத்தின் முன்னால் நீயும் நானும் நிற்கிறோம். நீ சிரிக்கிறாய். நான் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வேறெங்கோ பார்க்கிறேன். படத்தோடு அவளுடைய குரலும் வந்தது.

"அன்ரி, இது அம்மாவின்ரை போனிலை கிடந்தது. மற்ற எல்லாப் பிளேனுக்கும் கீழை பேர் எழுதி வச்சிருக்கிறா. இதுக்கு மட்டும் இல்லை. அம்மாவின்ரை முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற நினைவுப் புத்தகத்திலை போடுவம் எண்டு பாக்கிறன். இது என்ன பிளேன் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுதி அனுப்பினேன்.

நீ போய்ச் சேர்ந்த நாட்டில் கோடை வந்தால் விமானக் காட்சிகளும் வந்துவிடும் என்பதை நீ சொல்லித்தான் அறிந்தேன். மடக்குக் கதிரையும் தேத்தண்ணிப் போத்தலுமாய்த் தனியே புறப்பட்டுவிடுவாய். மறுநாள் விடிய இங்கே அரியாலையில் என் போன் நிறைந்திருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு செட்டை வைத்தது, மூக்கில் கண்ணாடிக் கூண்டு உள்ளது, தண்ணீரில் இறங்குவது, நாங்கள் பிறக்க முன்னமே பறந்து ஓய்ந்தது. ஒவ்வொன்றின் கீழும் அதன் பெயர் இருக்கும்.

எனக்கு அது விளங்கியதே இல்லை. விமானச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் வீட்டுக்குள் ஓடிவிடுவேன். உனக்கோ என்னைவிடப் பெரிய இழப்பு. சண்டை நாட்களில் விமானம் போட்ட குண்டு உன் அம்மாவையே கொண்டுபோனது. பிறகும் எப்படி இவள் தேடித் தேடிப் போய்ப் பார்க்கிறாள் என்று மனதுக்குள் நினைப்பேன். கேட்டதில்லை.

போன முறை நீ ஊருக்கு வந்திருந்தபோது கோட்டைக்குப் பக்கத்து வெளியில் விமானப்படையினர் தங்கள் பழைய விமானங்களைக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்திருந்தார்கள்.

"வா, ஒருக்காப் போட்டு வருவம்."

"நான் வரேல்லை. நீ போ."

"உதுக்குத் தனியப் போக ஏலாதடி."

எல்லாவற்றுக்கும் தனியே போனவள் நீ. அதனால்தான் வந்தேன்.

பாட்டுச் சத்தமும் ஐஸ்கிறீம் வானும் படியேறி விமானத்துக்குள் எட்டிப் பார்க்கும் பிள்ளைகளுமாய் அது ஒரு திருவிழாப் போலத்தான் இருந்தது. உன் நடை விறுவிறுப்பானது. "போர்டை வாசிக்காதை. முதல் செட்டை எங்கை பூட்டியிருக்கெண்டு பார், பிறகு வாலைப் பார்," என்றாய். இரட்டைச் செட்டை விமானம் ஒன்றின் கீழ் குனிந்து, "இது டைகர் மொத். தகடில்லை, துணி. கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறாங்கள்," என்று காட்டினாய். அந்தக் கொஞ்ச நேரம் நானும் பயத்தை மறந்துதான் இருந்தேன்.

கடைசி வரிசையில், புதிதாய்ப் பெயின்ற் அடித்த ஒற்றை விசிறி விமானம் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டாய்.

"இதுதான்."

"எது?"

"பொம்பர். எங்கடை ஊருக்குக் குண்டு போட்டது."

அதன் இரைச்சலை நான் நித்திரையிலும் கண்டுபிடிப்பேன். ஆனால் அதைக் கண்டதேயில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாய் வெட்டிய பங்கர்க் குழிக்குள் மண்ணோடு முகத்தை வைத்துக் கிடந்தவள் நான். வாசலில் நின்று மேலே பார்த்தவள் நீ ஒருத்திதான். "உள்ளை வா பிள்ளை!" என்று என் அப்பா கத்துவார். இவ்வளவு சின்னதா என்றிருந்தது எனக்கு. செட்டை என் தோளுயரம்கூட இல்லை.

நீ என்னைப் பார்க்காமலே கதைத்தாய்.

"அண்டைக்கும் நான் வெளியிலைதான் நிண்டனான். சோத்தை இறக்கிப்போட்டு வாறன் எண்டு அம்மா குசினிக்குப் போனவ. அது வெயிலுக்கை சரிஞ்சு திரும்பிச்சுது. செட்டை மினுங்கிச்சுது. வடிவாயிருக்கு எண்டு நினைச்சன். நினைச்சு முடியேல்லை, குண்டு விழுந்திட்டுது."

"நீ அப்ப சின்னப்பிள்ளையடி."

"அதைவிட வடிவான ஒண்டைக் கண்டால் அந்த நினைப்புப் போயிடும் எண்டு பாத்தன். இத்தினை வருசம் தேடினன். காணேல்லை."

அப்போதுதான் சீருடை போட்ட இளைஞன் ஒருவன் வந்து, "அம்மா, படம் எடுக்கவா?" என்று தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டான். அந்த நாட்களில் அவன் பிறந்தே இருக்கமாட்டான். நான் வேண்டாம் என்பதற்குள் நீ போனை நீட்டிவிட்டாய். "சிரிங்க அம்மா," என்றான். சிரித்தாய்.

நீ லண்டன் திரும்பிய பிறகு வந்த கோடையில் விமானப் படங்கள் வரவில்லை. அடுத்த கோடைக்கு முன் நோய் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. தேடல் முடிந்துதான் நிறுத்தினாயா, களைத்துப்போய் விட்டாயா, தெரியவில்லை. அது என்னை அரிக்கிறது.

இன்று காலை உன் மகளோடு கதைத்தேன். அம்மம்மாவைக் கொன்றது இந்த மாதிரி விமானம்தான் என்று சொன்னேன்.

"பிறகேன் அம்மா சிரிக்கிறா?"

"படம் எடுத்த பெடியன் சிரிக்கச் சொன்னவன், பிள்ளை."

அவள் அழுதாள். அழுகையினூடே கேட்டாள். "அப்ப ஏன் அன்ரி அம்மா இத்தினை பிளேனைத் தேடித் தேடிப் பாத்தவ?"

"எனக்குத் தெரியாது, பிள்ளை," என்றேன்.

வடிவாயிருக்கு என்று நீ நினைத்த அந்த ஒரு கணத்தை உன் பிள்ளையின் தலையில் இறக்கிவைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் இருக்குமட்டும் அது என்னோடு கிடக்கட்டும். அதற்குப் பிறகு அது ஒருவருக்கும் வேண்டாம்.