துணை நடிகர் எடுத்த கேசட்

ஃப்ரீமான்ட்,
9 பிப்ரவரி 1986

அன்புள்ள லீலா,

ஒகுமுரா ஜப்பானுக்கே திரும்பிப் போய்விட்டார். பக்கத்து ஊர் மில்பிடாஸில் இருக்கும் மகளோடு ஒத்துப்போகாமல், நம் கடையின் பின் அறையில் இரண்டு வருடம் குடியிருந்த நடிகர். ஒசாகாவில் பழைய நாடகக் குழு கூப்பிட்டிருக்கிறது. கிழட்டுக் காவல்காரன் வேஷம், நாலு வரி வசனம். எழுபத்தோரு வயதில் அதற்காகவா விமானம் ஏறுவது? நானாக இருந்தால் போகமாட்டேன் என்றேன். "நீ கடைக்காரன்" என்று சிரித்தார்.

பதினாறு வயதில் மேடை ஏறியவர். நூற்று எழுபது படம். ஒன்றில்கூடக் கதாநாயகன் இல்லை. சத்திரக்காரன், வைத்தியர், லஞ்சம் வாங்கும் அதிகாரி, இரண்டு தடவை பிணம். தெருவில் பார்க்கிறவர்கள் முகத்தை அடையாளம் கண்டு, பெயர் தெரியாமல் விழிப்பார்களாம்.

போகும் முன் என்னை உட்காரவைத்து, நம் கடைக்கு வரும் வெங்கடகிருஷ்ணனின் வீடியோ கேமராவில் ஒரு கேசட் எடுத்தார். உனக்குத்தான். எழுதினால் எனக்குச் சரக்கு ஆர்டர் மாதிரி வருகிறது, அதனால் பேசியிருக்கிறேன். வெங்கடகிருஷ்ணன் மெட்ராஸ் வருகிறார். அங்கிருந்து உனக்குப் பார்சலில் அனுப்புவார். பார்த்துவிட்டுப் பதில் போடு.

உன்
கிருபைராஜ்


பாளையங்கோட்டை,
16 மார்ச் 1986

அன்புள்ள அத்தானுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே சுகம். கேசட் வந்தது. டிவியும் வீடியோ டெக்கும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஒன்பது பேர் வந்து பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். படம் கோடு கோடாக ஓடியது. உங்கள் குரல் இழுத்து இழுத்து, யாரோ போல வந்தது. "அமெரிக்கா கேசட் நம்ம டெக்குல ஓடாது டீச்சர், அது வேற சிஸ்டம்" என்றார் டெக் கொண்டுவந்தவர். "உங்க வீட்டுக்காரர் நல்லா டான்ஸ் ஆடுறாரே!" என்றாள் ஜலஜா டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஒரு மூட்டைப் பருப்பைப் பத்துத் தடவை விசாரித்து வாங்குகிறவர், இதை விசாரிக்கவில்லையே!

அந்த ஜப்பான்காரரைப் பற்றிப் படித்தபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. நம் வீட்டில் உங்கள் வேஷமும் அதுதான். மூன்று வருடத்துக்கு ஒரு முறை வருவீர்கள், பெட்டியைத் திறப்பீர்கள், போய்விடுவீர்கள். கேசட்டில் என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்
ஜெயலீலா


ஃப்ரீமான்ட்,
6 ஏப்ரல் 1986

அன்புள்ள லீலா,

நீ எழுதியது சுட்டது. பொய்யாக இருந்தால் சுட்டிருக்காது.

நான் பேசியது இதுதான்: வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. எழுபத்தொன்பதில் நீ வருகிறேன் என்றபோது, கடை நிலைக்கட்டும் என்றேன். நிலைத்து ஐந்து வருடமாகிறது. அதற்கப்புறம் கூப்பிட வெட்கம்.

ஒகுமுராவின் மனைவி சாகக் கிடந்தபோது அவர் வேறு ஊரில் மேடையில் இருந்தாராம். தேநீர் கொண்டுவரும் வேலைக்காரன் வேஷம். சின்ன வேஷத்துக்கு மாற்று ஆள் கிடையாது, அதனால் போகவில்லை. தேநீரை வைத்து வணங்கிவிட்டு உள்ளே வந்தால் தந்தி. "அந்த நாடகத்தில் அந்தத் தேநீரை யாரும் குடிக்கவே மாட்டார்கள்" என்றார். இதைச் சொல்லிவிட்டுத்தான் கேமராவைத் தூக்கினார்.

இப்போதெல்லாம் ஞாயிறுகூடக் கடையைத் திறந்துவைக்கிறேன். வியாபாரத்துக்காக இல்லை. யாராவது வருவார்கள் என்று.

வந்துவிடு.

உன்
கிருபைராஜ்


ஃப்ரீமான்ட்,
18 மே 1986

அன்புள்ள லீலா,

உன் பதில் கிடைத்தது. தலைமையாசிரியை வேலையை விடமாட்டேன் என்கிறாய். "நான் காத்திருந்த வயது போய்விட்டது அத்தான்" என்ற வரியை இரண்டு முறை படித்தேன். பேரம் பேசமாட்டேன். உன் நிபந்தனைகளை நீ எழுதியபடியே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வருடம் தொடங்கி, கோடை விடுமுறையில் ஒரு மாதம் மட்டும் வருவாய். திரும்பும் டிக்கெட்டை முதலிலேயே எடுத்து உன் கையில் தந்துவிட வேண்டும். கல்லாவில் உன்னை நிற்கச் சொல்லக்கூடாது. விமான நிலையத்தில், இன்னும் ஒரு வாரம் இரு என்று நான் கேட்கக்கூடாது.

கிருபைராஜ்