பெர்கனிலிருந்து வந்த பாட்டில்

மார்ச் 9, திங்கள், மத்தியானம்

என் செல்ல மகள் கொராலிக்கு அப்பா எழுதறது. நீ அந்த நார்வே பனியில சளி காய்ச்சல் இல்லாம, ஆஸ்பத்திரி வேலையில இடுப்பு ஒடியாம நல்லா இருக்கணும்னு அம்மாவும் நானும் தினமும் நினைச்சுக்கறோம். நாங்களும் சௌக்கியம்னு வழக்கமா எழுதற வார்த்தையை இந்தத் தடவை கொஞ்சம் யோசிச்சுத்தான் எழுத வேண்டியிருக்கு. எனக்கு விலா எலும்பு ரெண்டு விட்டுப்போச்சு, சிரிச்சா வலிக்குது, சிரிக்க ஒண்ணும் இல்லாததால பரவாயில்லை. அம்மாவுக்கு இடது கன்னத்து எலும்புல கீறல் மாதிரி ஒரு விரிசல், அறுவை சிகிச்சை வேண்டாம்னுட்டாங்க, மூணு வாரத்துக்கு மெல்லற சாப்பாடு கூடாது. சூப் குடிச்சுக் குடிச்சு என்னைப் பார்த்தாலே எரிச்சலா இருக்குங்கறா, அப்படின்னா தேறிட்டான்னு அர்த்தம். இன்னைக்கு எதிர் வீட்டு மார்த்தோட கார்ல திஜோனுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போயிருக்கா, வர சாயங்காலம் ஆகும், அதனாலதான் இப்ப உட்கார்ந்து எழுதறேன். போன்ல நீ அழுதப்ப, நான் அந்த பாட்டிலை அனுப்பியிருக்கவே கூடாதுப்பான்னு நீ சொன்னப்ப, ஒரு விஷயம் என் வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா அம்மா பக்கத்துலேயே நின்னுட்டு இருந்தா, சொல்ல முடியலை.

முதல்ல ஊர் சேதி. பனி இன்னும் விடலை, போன வாரம் திராட்சை மொட்டு கருகிடுமோன்னு எல்லாரும் பயந்தாங்க, ஆனா மொட்டே இன்னும் வரலை, அது நல்லதாப் போச்சு. கொட்டகைக் கூரையில ரெண்டு ஓடு பறந்துபோச்சு, விலா சரியானதும் ஏறணும். நான் அர்னோ பண்ணையில வேலையை விட்டுட்டேன், நீ பதற வேண்டாம், மேட்டு ஊர் ஒயின் கூட்டுறவுல ஏப்ரல்ல இருந்து வரச் சொல்லியிருக்காங்க. அங்கேயும் நிலவறைதான், பீப்பாய்தான், ஆனா ஆறு யூரோ ஒயின். நீ அதை அங்க வாங்கணும்னா பதினஞ்சு யூரோ கொடுக்கணும்னு அம்மா சொல்லிச் சிரிச்சா, சிரிச்சுட்டுக் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டா. நீ ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்காதே, காசு எங்கேயும் ஓடிடாது. போன வருஷம் மாதிரி வழுக்கற செருப்போட ஐஸ்ல நடக்காதே.

இப்ப பாட்டில் விஷயம். உன் தோழி சிக்னே ஆல்ப்ஸுக்குப் போற வழியில வந்து கொடுத்துட்டுப் போனா, தங்கமான பொண்ணு. துணியைப் பிரிச்சப்ப நம்ம பண்ணையோட பெரிய ஒயின், அதுவும் நான் தொட்டியில கைப்படக் கிளறின வருஷத்து பினோ நுவார் திராட்சையில செஞ்சது. அம்மா வாயைப் பொத்திக்கிட்டா. போன மாசம்தான் பக்கத்து டவுன் கடைத்தெருவுல கண்ணாடிக்குள்ள நானூத்து முப்பது யூரோன்னு போட்டிருந்ததைப் பார்த்துட்டு வந்திருந்தா, இவளுக்கு என்ன பைத்தியமான்னு உன்னைத் திட்டினா. அப்புறம்தான் உன் சீட்டைப் படிச்சோம். அங்க அரசாங்கக் கடையில வரி ஒயினோட விலைக்கு இல்லை, அதுல இருக்கற போதைக்குத்தான், கடைக்காரன் லாபமும் ஒரு அளவுக்கு மேல வைக்கக் கூடாது, அதனால நாம தண்ணி மாதிரி குடிக்கிறது அங்க யானை விலை, இங்க தொட முடியாதது அங்க தொண்ணூத்தஞ்சு யூரோ. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான்னு சொல்லி, விடியறதுக்கு முன்னாடி பனியில மூணு மணி நேரம் வரிசையில நின்னு வாங்கினதா எழுதியிருந்தே. முப்பத்து நாலு வருஷம் கண்ணு, அந்த ஒயினை நான் பீப்பாய்ல இருந்து எடுத்து நாக்குல வச்சுத் துப்பியிருக்கேன். பாட்டில்ல போட்டு, வருஷக்கணக்கா தூங்கி எழுந்து, மேஜையில வச்சு, விழுங்கினது கிடையாது. என் கையால செஞ்சதை நான் குடிக்க, என் பொண்ணு நார்வேயில வரிசையில நிக்க வேண்டியிருந்திருக்கு.

அறுபதாவது பிறந்தநாள் ஞாயித்துக்கிழமை அம்மா சிவப்பு ஒயின் குழம்புல முட்டை வேக வச்சா. பாட்டிலைத் திறந்து ஒரு மணி நேரம் விட்டேன். நிறம் ரொம்ப மெலிசு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மாவோட விரல் தெரிஞ்சுது. முதல்ல ஒண்ணுமே சொல்லலை அது, முறுக்கிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் புளிப்புச் செர்ரி, அப்புறம் மழை நின்னதும் காட்டுக்குள்ள இலையைக் காலால கிளறினா வருமே, அந்த வாசனை. விழுங்கினப்புறம் எவ்வளவு நேரம் வாய்ல நின்னுச்சுன்னு தெரியலை, அம்மா தட்டை எடுத்து வச்சுட்டு வந்து உட்கார்ந்தா, அப்பவும் இருந்துச்சு. ரெஜிஸ், இதை நீயா செஞ்சேன்னு கேட்டா. இருபத்தாறு பேர் செஞ்சோம்னேன். அவ்வளவு நல்ல மத்தியானம் எனக்கு ஞாபகத்துல இல்லை, அதை நீதான் கொடுத்தே, இதை மறக்காதே.

மூணு மணிக்கு அர்னோ வந்தான். அவங்க அப்பா போனதுல இருந்து பண்ணை அவனோடதுதானே, பம்ப் சாவி என்கிட்ட இருக்குன்னு கேட்டு வந்தான். சாவியை எடுக்கத் திரும்பறேன், அதுக்குள்ள மேஜையில இருந்த பாட்டிலைக் கையில எடுத்துட்டான். பின்னாடி ஒட்டியிருந்த நார்வே சீட்டைப் படிச்சான், நம்பரைப் பார்த்தான், மூஞ்சி வெளுத்துப்போச்சு. ரெண்டு வருஷமா அங்க மலிவா விக்கிற பாட்டிலை யாரோ வாங்கி இங்க திருப்பிக் கொண்டாந்து வியாபாரிங்ககிட்ட தள்ளறாங்க, அதனால என் பேரு நாறுதுன்னு எங்ககிட்டயே புலம்பிட்டு இருந்தவன்தான். அப்ப நீதானா அது, மக அங்க வாங்கறா, அப்பன் இங்க விக்கிறான், நல்ல குடும்பம்யான்னான். பிறந்தநாளுக்கு வந்தது, உட்காரு, ஒரு வாய் குடின்னு அம்மா சொன்னா. அவன் குழாய்த் தொட்டிக்குப் போய் மீதி இருந்ததை அப்படியே கவுத்தான். பாட்டிலைத் தட்டித் தட்டிக் கவுத்தான். அதையும் நான் பொறுத்துக்கிட்டேன், சத்தியமா. திரும்பி நின்னு, நர்ஸ் சம்பளத்துல இது வாங்க முடியுமா, உன் பொண்ணு ராத்திரியில வேற என்ன வேலை பார்க்கறான்னு கேட்டியான்னான்.

என் கை எப்பப் போச்சுன்னு தெரியாது. மூக்கு உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு, காய்ஞ்ச கொடியை முறிக்கிற மாதிரி. அவன் ரக்பி ஆடினவன், நாப்பத்தொரு வயசு, சும்மா விடுவானா, விலாவுல ரெண்டு போட்டான், மூச்சு நின்னு மேஜையோட சாய்ஞ்சேன், குழம்பும் முட்டையும் தரையெல்லாம். அம்மா நடுவுல வந்து அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்தா, அவன் உதறினான், முழங்கை அவ கன்னத்துல பட்டுச்சு. வேணும்னு அடிக்கலை, அதை நான் ஒத்துக்கறேன். ஆனா உங்கம்மா சத்தமே போடாம, கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் குழம்புலேயே மெதுவா உட்கார்ந்தா பாரு, அதைப் பார்த்ததுக்கு அப்புறம் நான் நானா இல்லை. முடியைப் பிடிச்சு அவன் தலையைத் தொட்டி விளிம்புல மோதினேன், ரெண்டு தடவை. அவன் முட்டி போட்டு விழுந்தான், முதுகுல கால் வச்சேன், வலது கையை இழுத்து மேஜை மேல போட்டேன். கதவு பக்கத்துல ஆணியில என் பேட்டரி கவாத்துக் கத்தரி தொங்கிட்டு இருந்துச்சு, காலையில கொல்லையில அஞ்சு வரிசை வெட்டிட்டு வந்து, சுவிட்சைக்கூட அணைக்காம, வாய் திறந்தபடி மாட்டியிருந்தேன். கட்டை விரல் தண்டி கிளையை வெண்ணெய் மாதிரி நறுக்கும், உனக்குத் தெரியும். அவனோட ஆள்காட்டி விரலை அதுக்குள்ள வச்சேன். ரெஜிஸ், வேண்டாம்னான், சின்னக் குரல்ல. எச்சிலும் ரத்தமுமா மேஜையில ஒழுகிட்டு இருந்துச்சு. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டு விட்டுட்டேன்.

மார்த் போன் பண்ணி போலீஸ் ரெண்டு பேர் வந்தாங்க. ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டோம்னு மட்டும் அர்னோ சொன்னான், கத்தரியைப் பத்தி வாயே திறக்கலை, புகாரும் கொடுக்கலை. அம்மாதான் எல்லாத்தையும் சொன்னா. என் வீட்டுக்காரர் நினைச்சிருந்தா அவன் விரல் தரையில கிடந்திருக்கும், அந்தக் கோபத்துலேயும் விட்டுட்டாரு, அவர் அப்படிப்பட்ட மனுஷன்னு. அதை அன்னைக்கு போலீஸ்கிட்ட சொன்னா, மறுநாள் மார்த்கிட்ட, உன்கிட்ட போன்ல, ரொட்டிக் கடையில. பெருமையா சொல்றா.

வியாழக்கிழமை அவனே வந்தான். மூக்குல பெரிய கட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னான். விசாரிச்சுட்டேன், எல்லாம் ஆஸ்லோவுல இருந்து ஒரு ஆள் ஆட்களை வரிசையில நிறுத்தி வாங்கி அனுப்பறான், பெர்கனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, உன் பொண்ணு பேரை இழுத்தது தப்புன்னான். ஜன்னல்ல இருந்து அம்மா, அந்தத் தப்பை என் கன்னத்துகிட்ட வந்து சொல்லுன்னா. அவன் வந்து தலையைக் குனிஞ்சுகிட்டுச் சொன்னான், கேட்டுட்டு ஜன்னலைச் சாத்திட்டா. வேலைக்குத் திரும்பி வான்னான், மாட்டேன்னேன். போறதுக்கு முன்னாடி குரலைத் தாழ்த்தி, அன்னைக்கு அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு ரெஜிஸ்னான். தெரியும்னேன். நீ ஒரு தடவைதானே அழுத்தினேன்னான். ஆமான்னேன். ஏன்னு கேட்டான். தெரியலைன்னேன். அவன் போயிட்டான்.

இதுதான் கண்ணு நான் சொல்ல வந்தது. நான் விடலை. அழுத்தினேன். அந்தக் கத்தரி கொஞ்ச நேரம் சும்மா இருந்தா தூங்கிடும், அடுத்தடுத்து ரெண்டு தடவை அழுத்தினாத்தான் முழிச்சுக்கும், அது கைக்கு ஆபத்து வரக் கூடாதுன்னு வச்சிருக்கற ஏற்பாடு. நான் ஒரு தடவை அழுத்தினேன், டிக்குன்னுச்சு, வெட்டலை, அப்புறம்தான் கத்தரியை எடுத்தேன். பதினோரு வருஷமா அதைப் பிடிக்கிற கைக்கு ரெண்டு தடவை வேணும்னு தெரியாம இருக்குமா, தெரிஞ்சுதான் ஒண்ணோட நின்னுச்சான்னு தினமும் என்னையே கேட்டுப் பார்க்கறேன். நல்ல பதிலைத்தான் மனசு தேடுது, ஆனா அழுத்தினப்ப எனக்கு அவன் விரல் போகணும்னுதான் இருந்துச்சு, அது மட்டும் நிச்சயம். அதனால உன் பாட்டில்தான் காரணம்னு இனி ஒரு தடவைகூடச் சொல்லாதே. நீ அனுப்பினது நல்ல ஒயின். மத்ததெல்லாம் என்கிட்ட இருந்தது.

கடவுள் உன்னை நல்லா வச்சிருக்கட்டும், உன் கையால தொடற நோயாளிங்க எல்லாம் குணமாகட்டும், மே மாசம் லீவுக்கு சுகமா வந்து சேரு. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஆறேழு நாள் ஆகும், அதுக்குள்ள இதை நானே அம்மாகிட்ட சொல்லிடுவேன். படிச்சு முடிச்சதும் அம்மாவுக்கு போன் பண்ணு. அப்பாவை நினைச்சா பெருமையா இருக்குடின்னு அவ அப்பவும் உன்கிட்ட சொன்னான்னா, எனக்கு தைரியம் வரலைன்னு புரிஞ்சுக்கோ, நீயே சொல்லிடு.

முத்தங்களோட,
உன் அப்பா
ரெஜிஸ்