பின் டயரை அவரிடம் கொடுக்காதே

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நானும் நலம்தான், சாப்பிடுகிறேன், தூங்குவது மட்டும் சரியில்லை. அத்தானின் பைக்கிலேயே பாப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, அத்தான் பாதியில் விட்ட பயணத்தை நீ முடிக்கப் போகிறாய் என்று படித்ததும், பட்டறையின் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் நீ கேட்கிற ஆள் இல்லை.

டயர் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு பேர், இரண்டு பக்கமும் பை, தினம் முந்நூறு நானூறு கிலோமீட்டர் என்றால் நெடுந்தூரத்துக்கென்று வருகிற டயர்தான் வேண்டும். மண் பாதைக்கான முரட்டு டயரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வாங்காதே. முன்னும் பின்னும் ஒரே ஜோடியாக வாங்கு. பாலிஷ் போட்டுப் பளபளவென்று நீட்டினால் சந்தேகப்படு. விளிம்புக்கு மேலே ஒரு கட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் அது தயாரான வருடம். பல டயர்களில் அது ஒரு பக்கம்தான் இருக்கும், அதனால் புரட்டிப் பார்த்துப் படி. உருளும் திசைக்கு ஒரு அம்புக்குறியும் இருக்கும். மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே நில். டீ குடித்துவிட்டு வாங்க என்று அனுப்பினால் போகாதே.

பின் டயர் நன்றாகத்தானே இருக்கிறது, பள்ளமெல்லாம் ஆழமாக இருக்கிறது, முன் டயரை மட்டும் மாற்றினால் போதாதா என்று எழுதியிருக்கிறாய். போதாது. கேள்விப்பட்டதும் என் பழைய முதலாளி உன் வீட்டுக்கே வந்து, இரண்டையும் இலவசமாக மாற்றித் தருகிறேன், பழசை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாராமே. நல்ல மனுஷன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்ததால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருப்பேனோ.

டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பின் சக்கரத்தின் அருகே உட்கார். சைலன்சருக்குப் பின்னால், வெளியே தெரியாத பக்கத்தில் அந்த எண் இருக்கும். அத்தான் டயர் வாங்கிய வருடத்திலிருந்து அந்த வருடத்தைக் கழி. ஏழு வரும். தகரக் கூரைக்குக் கீழே ஏழு கோடை வெந்த ரப்பர் அது. நகத்தால் அழுத்திப் பார், பதியாது. அம்பையும் பார். பின்பக்கம் காட்டும்.

மாட்டியவன் நான்.

தேதி பார்த்துக் கேட்கிறவர்களுக்குப் புதுச் சரக்கு, கேட்காதவர்களுக்குக் கூரையடிச் சரக்கு. அதுதான் அந்தக் கடையின் சட்டம். காரில் வந்து இறங்கியவன் ஒருவனுக்கும் நாங்கள் பழசு மாட்டியதில்லை. அத்தான் கேட்கவில்லை. மச்சினன் வேலை செய்கிற கடை, என்ன கேட்பது? “மாப்ள, கறுப்பா வட்டமா இருந்தா டயர்தானே, மாட்டுடா” என்று சிரித்துவிட்டு, உனக்கு போன் பண்ண வெளியே போனார். தேதி தெரியாத மாதிரி திருப்பி மாட்டு என்றார் முதலாளி. அம்பு தலைகீழாக வருமே, மழையில் தண்ணீரைச் சரியாகத் தள்ளாதே என்றேன். “வண்டிய அம்பா ஓட்டுது? வேலை வேணுமா, வேணாமா?” என்றார். வேலை நிரந்தரமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாட்டினேன். சாயங்காலம் அத்தானிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் மதியமே கிளம்பிவிட்டார். போனில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்காம் நாள் மழை பிடித்தது.

விபத்தை விசாரிக்க வந்த போலீஸ்காரன் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல் அதிவேகம் என்று எழுதிக்கொண்டு போனான். முதலாளி மாலை அனுப்பினார். நல்ல சம்பளத்துக்காக நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று நீ ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறாய். ஓடிவந்தேன் அக்கா. இங்கேயும் அதே வேலைதான். காற்று ஏறி, டயர் விளிம்பில் போய் உட்காரும்போது டப்பென்று ஒரு சத்தம் வரும். ஒவ்வொரு தடவையும் முதுகுக்குப் பின்னால் அத்தான், ‘என்ன மாப்ள, முடிஞ்சுதா?’ என்கிறார். திரும்பிப் பார்க்கிறேன். உடன் வேலை செய்கிறவர்கள் எனக்குத் ‘திரும்பி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பின் சக்கரத்தை டயரோடு அப்படியே கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பூட்டு, பயணத்துக்கு வேறு சக்கரம் வாங்கிப் போடு. முதலாளி ஆள் அனுப்பினாலும் கொடுக்காதே. வக்கீலிடம் காட்டு, இந்தக் கடிதத்தையும் கொடு. என் பெயர் வரும் என்று யோசிக்காதே. வரட்டும், வந்து நிற்கிறேன்.

புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் வழுக்கும், நிதானமாகப் போ. பாப்பாவுக்கு ஹெல்மெட் பட்டையை நீயே மாட்டிவிடு. நல்லபடியாகப் போய்வாருங்கள்.

எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. வேகமாகப் போய் உங்களைத் தனியாக விட்டுவிட்டார் என்ற கோபத்தில், அத்தான் படத்தை நீ சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறாய் என்று பாப்பா சொன்னாள். அதை நேராக வை அக்கா. அவர் அன்று வேகமாகப் போகவில்லை.

தம்பி