காதுகுத்துப் பத்திரிகை

முசிறி
19.1.2025

அன்புள்ள ஜோதிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம். யாழினிக்கு நான்காவது பல்லும் முளைத்துவிட்டது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள், நேற்று உங்க மாமாவின் மூக்கையே கடித்துவிட்டாள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பொங்கலன்று உனக்குப் போன் பண்ணினேன். எடுத்தது யாரோ ஒரு வஹீதா. "ஜோதி குளிச்சிட்டு இருக்காங்க, நீங்க யாருங்க?" என்றாள். உன் போனில் என்னை யார் என்று கேட்க ஒருத்தி! சொன்னதும், "ஓ, முசிறி அக்காவா? ஜோதி எங்கிட்ட எல்லாம் சொல்லியிருக்காங்க" என்று வேறு சொன்னாள். பின்னாலிருந்து நீ அவளிடம் "போன்ல யாருக்கா?" என்று கேட்டதும் என் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்து உனக்கு அக்கா நான் ஒருத்திதான். அதற்கப்புறம் நீ கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. கடிதம் என்றால் நீதான் பிரிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். யாழினிக்குக் காது குத்த மாசி பதினெட்டு, மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நம் குலதெய்வக் கோயிலில் நாள் குறித்தாயிற்று. பத்திரிகையை நீ வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் அடிக்கவேண்டும் என்று உங்க மாமாவிடம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். தாய்மாமன் என்று பெரியப்பா மகன் ரஞ்சித் பெயரைப் போடு. அவன் மடியில்தான் பாப்பாவை உட்கார வைக்கப்போகிறோம். கீழே சித்தி என்று உன் பெயர். அன்றைக்குப் புடவை கட்டிக்கொண்டு வா. முடியை ஒட்ட வெட்டிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். சவுரி வைத்து ஏதாவது ஒரு வழி பார்ப்போம்.

இதையும் அந்த வஹீதாவைக் கேட்டுத்தான் முடிவு செய்வாயோ என்னவோ.

உன் ஒரே அக்கா,
மணிமேகலை


ஸ்ரீரங்கம்
26.1.2025

என் அக்காவுக்கு,

ஏகாதசிக் கூட்டம் வடிந்து இப்போதுதான் தெருவில் இடிபடாமல் நடக்க முடிகிறது. அச்சகத்தில் தை முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்து கிடக்கின்றன. அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு யாழினியுடையதைத்தான் முதலில் செய்தேன். புரூஃப் இத்துடன் இருக்கிறது. இரண்டு இடங்களை வெற்றாக விட்டிருக்கிறேன். தாய்மாமன் வரவேண்டிய இடம் ஒன்று, சித்தி வரவேண்டிய இடம் ஒன்று.

உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் பிறந்தபோது என்ன குழந்தை என்று பிரசவம் பார்த்தவர்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஐந்து வயதில் குடலிறக்கம் என்று ஊரில் சொல்லிவிட்டு ஆபரேஷன் செய்து, பெண் என்று முடிவு கட்டினார்கள். நானும் பெண்ணாக இருந்து பார்த்தேன். காலேஜில் ஒரு வருஷம் என்னை ஆணாக நினைத்தும் பார்த்தேன். இரண்டும் இன்னொருவர் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரியே இருந்தது. நான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை அக்கா. இதை எனக்கு நானே சொல்லிக்கொண்ட நாளிலிருந்து நிம்மதியாக இருக்கிறேன்.

இப்படிப் பிறந்த எல்லோரும் இப்படிச் சொல்வதில்லை. வஹீதா அக்காவும் என்னைப் போலப் பிறந்தவர்தான். பாலக்கரையில் தையல் வகுப்பு நடத்துகிறார். அவர் தன்னைப் பெண் என்றுதான் சொல்வார், அதில் அவருக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது. எங்கள் இருவருக்கும் இதில் ஒரு சண்டையும் இல்லை.

எனக்கு ஒரே ஒரு ஆசை. ரஞ்சித் நல்லவன்தான். ஆனால் உன்னோடு ஒரு வயிற்றில் பிறந்தது நான். பாப்பாவை என் மடியில் வைத்துக் காது குத்தவேண்டும். மாமன் என்றும் வேண்டாம், சித்தி என்றும் வேண்டாம். ஜோதி என்று மட்டும் போடு. நான் தினம் போடுகிற ஜிப்பாவிலேயே வருகிறேன்.

யாழினிக்கு என் முத்தம். கடித்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஜோதி


முசிறி
2.2.2025

ஜோதி,

உன் கடிதத்தை மொட்டைமாடியில் துணி காயப்போட்ட இடத்தில் நின்று மூன்று தடவை படித்தேன். எனக்குத் தெரியாதது அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அதையெல்லாம் எனக்கு முன்னால் அவளிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் சொல்ல உனக்கு இருபத்தாறு வருஷம் ஆயிற்று, அதுவும் நான் பத்திரிகை அடிக்கக் கேட்டதால்.

சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மேல் பொறாமை. இன்று நேற்று இல்லை, சின்ன வயதிலிருந்து.

மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா உன்னைத் திருச்சிக்குக் கூட்டிப் போகும். எனக்கு ஆடு, அடுப்பு, அப்பாவுக்குச் சோறு. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்குவாய். கையில் புது வளையல், உதடெல்லாம் ரோஸ் மில்க் நிறம். நான் கேட்டால், "உனக்கென்னடி, நீ நல்லாத்தானே இருக்க" என்று அம்மா வாயை அடைத்துவிடும். நல்லா இருந்ததற்கு எனக்குக் கிடைத்தது அந்த வார்த்தைதான்.

பிளஸ் டூவில் ஸ்கூலிலேயே நான் முதலாவதாக வந்தேன். உன் விஷயம் வெளியே தெரிவதற்குள் மூத்தவளைத் தள்ளிவிட வேண்டும் என்று பதினெட்டு முடிந்த மறுமாதமே எனக்குக் கல்யாணம் பண்ணிவிட்டார்கள். உன்னைப் பற்றி, "இத யாரு கட்டிக்கப் போறா, படிச்சிட்டுப் போகட்டும்" என்று சொல்லி அம்மா காலேஜில் சேர்த்தது. உனக்கு அது எப்படி இருந்ததோ தெரியாது. நான் இங்கே பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த வார்த்தையை என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைப்பேன். பதினோரு வருஷம் குழந்தை இல்லை என்று இந்த வீட்டில் பேச்சு வாங்கியபோதும் அதையேதான் நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொன்னால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய். உன் பத்து வயதில் ஆஸ்பத்திரி ஃபைல் காணாமல் போனதே, அதை எடுத்தது நான்.

அந்தத் தடவை ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் தங்கவேண்டும் என்று அம்மா பை கட்டி வைத்திருந்தது. ஒரு வாரம் திருச்சி, அதுவும் உனக்கு மட்டும். என்னால் தாங்க முடியவில்லை. ஃபைலை எடுத்து வைக்கோல் போரில் சொருகினேன். மறுநாள் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுததும் பயந்துபோய், வாழைத்தோப்பு வாய்க்காலில் போட்டுவிட்டேன். ஃபைல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பினார்கள். உன்னைப் பார்த்த டாக்டரும் மாற்றலாகிப் போனார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க அம்மாவுக்குத் தெம்பு இல்லை. ஆனால் சாகிறவரைக்கும் என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தது: "அன்னிக்கு மட்டும் போயிருந்தா இது முழுசா பொண்ணாயிருக்கும்."

நீ ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு அம்மா குரல்தான் கேட்டது. உன்னை இப்படி அரைகுறையாக நிறுத்தியது என் பொறாமை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் மடியில் என் பிள்ளையை எப்படி உட்கார வைப்பேன்? ரஞ்சித்தே உட்காரட்டும். நீ வரவேண்டாம்.

மணிமேகலை


ஸ்ரீரங்கம்
9.2.2025

அக்கா,

முதலில் அந்த ரோஸ் மில்க்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

போனதும் என்னை ஒரு அறையில் படுக்க வைப்பார்கள். டாக்டர் வருவார். அவர் பின்னால் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். போர்வையை விலக்கிவிட்டு, என்னிடம் பேசாமல் என்னைப் பற்றிப் பேசுவார்கள். முகத்தைத் துணியால் மூடிவிட்டு போட்டோ எடுப்பார்கள். எல்லாம் முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அம்மா ரோஸ் மில்க் வாங்கித் தரும், வளையல் போட்டுவிடும். "அக்காகிட்ட ஒண்ணும் சொல்லக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் தரும். இன்றைக்கும் யாராவது அதைக் கொடுத்தால் தொடமாட்டேன்.

பஸ்ஸில் வரும்போது உன்னையே நினைத்துக்கொண்டு வருவேன். அக்கா இந்நேரம் ஆடு மேய்த்துக்கொண்டிருக்கும், அதை யாரும் படுக்க வைத்துப் பார்க்க மாட்டார்கள் என்று. உனக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது பந்தலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உன் உடம்பில் நடந்ததை மைக் செட் போட்டு ஊருக்கே சொன்னார்கள். என் உடம்பை மட்டும் மூடி மூடி வைத்தார்கள். எனக்கும் உன் மேல் பொறாமைதான் அக்கா. நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதையெதையோ பார்த்து எரிந்திருக்கிறோம்.

இப்போது ஃபைல். அந்த ஒரு வாரம் எதற்கென்று உனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டாவது ஆபரேஷனுக்கு. முதல் ஆபரேஷனுக்கு அப்புறம் இரண்டு வருஷம் ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் அழுவேன், உனக்கு ஞாபகம் இருக்கும். மறுபடியும் அதே என்று தெரிந்ததும், பஸ் வரக்கூடாது, காவிரிப் பாலம் உடையவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஃபைலைக் காணோம் என்று அம்மா அழுதபோது நான் கொல்லையில் போய் நின்று சிரித்தேன். யார் எடுத்திருப்பார்கள் என்று பதினாறு வருஷமாக யோசித்திருக்கிறேன். எலி என்று நினைத்தேன். சாமி என்றும் நினைத்தேன். உன்னை நினைக்கவே இல்லை.

அன்றைக்குப் போயிருந்தாலும் நான் இப்படித்தான் இருந்திருப்பேன். உடம்பில் ஒரு தழும்பு கூடியிருக்கும், அவ்வளவுதான். நான் அரைகுறை இல்லை. அந்த வார்த்தையை மட்டும் எனக்கு இனிமேல் எழுதாதே. உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய குழந்தைகளுக்கு இப்படிச் செய்யக்கூடாது என்று இப்போது நம் மாநிலத்தில் உத்தரவே இருக்கிறது. எனக்கு அப்போது அது இல்லை, உன் வைக்கோல் போர்தான் இருந்தது. நீ எனக்காகச் செய்யவில்லை, ரோஸ் மில்க்குக்காகச் செய்தாய் என்று தெரியும். தெரிந்தும் நேற்றிலிருந்து உன்னைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

உன் படிப்பு போனதும் உண்மைதான் அக்கா. அது நான் செய்தது இல்லை, ஆனால் என்னால் நடந்தது. அதற்கு நீ என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை வஹீதா அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. அவருக்கு அந்த இரண்டாவது ஆபரேஷன் நடந்தது, மூன்றாவதும் நடந்தது. பெண்ணாக இருப்பதில் அவருக்கு வருத்தமே இல்லை, தன்னைக் கேட்காமல் வெட்டினார்களே என்றுதான் இன்னும் ஆறவில்லை. கேட்டுவிட்டுக் கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார். அப்புறம், "எனக்கு இப்படி ஒரு பொறாமை புடிச்ச அக்கா இல்லாமப் போச்சே" என்றார்.

புரூஃபை மறுபடி அனுப்பியிருக்கிறேன். நீ சொன்னபடி தாய்மாமன் இடத்தில் ரஞ்சித் பெயரைப் போட்டுவிட்டேன். என் பெயர் எங்கும் இல்லை. பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அடுத்த வாரம் அச்சுக்குப் போகவேண்டும்.

ஜோதி


முசிறி
14.2.2025

என் ஜோதிக்கு,

என் கடிதத்தை அவளுக்கு எதற்குப் படித்துக் காட்டினாய்? போன் வேண்டாம் என்று நான் பேனாவை எடுத்ததே அவளால்தான். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்கு மனசு வரும்.

ஆபரேஷன் என்று தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு அப்போது பதினாலு வயது. சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உனக்காக ஒளித்தேன் என்று இப்போது பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் உன் முகத்தைத் துணியால் மூடிப் படுக்க வைத்திருந்த நேரத்தில், நான் இங்கே ஆட்டை மேய்த்துக்கொண்டு உன்னைக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். அரைகுறை என்று எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன். மன்னித்துவிடு.

ரஞ்சித்துக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அப்பாடா, குழந்தை அழுதா நானும் அழுதுடுவேன்கா" என்றான். வீட்டில் சமையல் நேரத்தில் பேச்சை எடுத்தேன். "மாமனும் இல்ல, சித்தியும் இல்லன்னா, என்ன உரிமையில மடியில வெக்கிறது?" என்று மாமியார் கேட்டார்.

"என் கூடப்பிறந்தது. அது போதும்" என்றேன்.

உங்க மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்திருப்பார், அவரை எனக்குத் தெரியும். மாமியார் இரண்டு நாளாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

புரூஃபைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்புப் பேனாவால் ரஞ்சித் பெயரை அடித்துவிட்டு, "குழந்தையின் தாயின் கூடப்பிறந்த ஜோதி மடியில்" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடு. சவுரி வேண்டாம். ஜிப்பா மட்டும் பழையதாக இருக்கட்டும், யாழினி கடித்து எச்சில் பண்ணிவிடுவாள். வருகிறவர்களுக்கு ரோஸ் மில்க் கொடுப்பதாக இருந்தோம். மோர் போதும் என்று சொல்லிவிட்டேன்.

வஹீதாவுக்குத் தனியாக ஒரு பத்திரிகை வை. நான் அழைத்ததாகச் சொல். சாப்பிடாமல் போகக்கூடாது, பந்தியில் என் பக்கத்திலேயே இடம் போட்டு வைக்கிறேன். அவளுக்கும் ஒரு அக்கா இருந்திருக்கலாம்தான், பாவம்.

ஆனால் ஒன்று. அன்றைக்கு ஒரு நாள் மட்டும், என் காதுபட அவளை அக்கா என்று கூப்பிடாதே.

உன் அக்கா,
மணிமேகலை