ஒடெஸாம்மா வாங்கிய பிரஷ்

என் வீட்டுக்காரிக்கு,

சிறையில் சோளக்கஞ்சியாவது சூடாகத் தருகிறார்களா? இங்கே நாய் சுகம். கடையும் நன்றாகத்தான் நடக்கிறது.

ஓட்டுக்குப் பெயர் பதிய நீதிமன்றத்துக்குப் போன உங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு போன பிறகு, நம் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். மிசிசிப்பியில் கடை வைத்துப் பிழைக்கிற கறுப்பன் நான், என் கணக்கு லேசில் தப்பாது. ஆனால் விடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் உடுப்போடு ஒரு கூட்டம் வந்து நின்றது. எல்லாரும் கேட்டது பல் பிரஷ். சிறைக்குத் தயாராக வந்திருந்தார்கள்.

துணி வெளுக்கும் ஒடெஸாம்மாவும் ஒன்று கேட்டார்.

“உங்களுக்குத்தான் ஒத்தப் பல்லும் இல்லையே! பிரஷ் எதுக்கு?”

“எனக்கா? உள்ள வர்ற பொண்ணுங்கள்ல எவளாச்சும் மறந்துட்டு வந்திருப்பா. சீக்கிரம் குடுய்யா, கைது பண்றவங்க காத்துக்கிட்டிருப்பாங்க!”

கடையே சிரித்தது. போலீஸ் காரைக் கண்டாலே வேறு தெருவில் திரும்பிவிடும் அந்த அம்மாள், நீதிமன்றப் படியில் நிமிர்ந்து ஏறியதை நம் கடை வாசலிலிருந்து பார்த்தேன். இப்படி ஒன்றை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

நானும் பெயர் பதிந்தால் வெள்ளைக்கார மொத்த வியாபாரி சரக்கை நிறுத்திவிடுவான் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? நிறுத்தத்தான் போகிறான். தெருவில் வேர்க்கடலை கூவி விற்று உண்டாக்கிய கடை இது. மறுபடி கூவத் தெரியாதா எனக்கு?

திங்கட்கிழமை கடை கிடையாது. ஒரு பிரஷ் எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கு என்ன வேண்டும் என்று சொல்லி அனுப்பு, உள்ளே வரும்போது கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் கஞ்சக் கடைக்காரன்