ஹார்ட் டிஸ்க்கில் மாட்டிய ஆய்வேடு

என்னங்க,

நடவு முடிந்து வந்ததும் சாப்பிடுங்கள். குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது.

கம்ப்யூட்டரைப் போடாதீர்கள், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் கடைக்குப் போகிறேன். போனில் கடைக்காரர், "டக்டக்னு அடிக்குதுன்னா ரொம்ப நேரம் தாங்காதும்மா. எது முக்கியமோ அதை முதல்ல எடுத்துடறேன்" என்றார். நம் கல்யாண வீடியோவைச் சொல்லியிருக்க வேண்டும். என் ஆய்வேட்டைச் சொன்னேன்; அதற்கு வேறு காப்பி இல்லை.

"வீட்டுல இருக்கறவளுக்கு எதுக்கு டாக்டர் பட்டம்? போனா போகட்டும்" என்று நேற்று சொன்னீர்கள். இந்த வீட்டைத் தாண்டிப் போக எனக்கு இருப்பது அது ஒன்றுதான்.

சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுவேன். வேறு எங்கே போவேன்?

மதிவதனி

பி.கு.: மீனா ஸ்கூல் வேனிலிருந்து இறங்கியதும் என்னைத் தேடுவாள். கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லாதீர்கள். அம்மா படிப்பு விஷயமாகப் போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.